ஸ்மார்ட் கண்ணாடியைக் கணினித் திரையாகப் பயன்படுத்தும் முறை

மடிக்கணினியில் நாள் முழுவதும் மெய்ப்புத் திருத்துகிறவர்களுக்குக் கழுத்துவலி புதிதல்ல. திரையும் விசைப்பலகையும் ஒன்றாகப் பிணைந்திருப்பதால், கைக்கு ஏற்ற உயரத்தில் கணினியை வைத்தால் தலை குனிகிறது. கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் தோள் தூக்கிக்கொள்கிறது. வெளித்திரை ஒன்றை வாங்கி மேசையில் நிறுத்தினால் வீட்டில் இந்தச் சிக்கல் தீரும். பயணத்திலும், இடம் குறைந்த அறையிலும், சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி வேலை செய்ய வேண்டியவர்களுக்கும் அது உதவாது. அத்தகைய நேரங்களில் திரையைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும் ஸ்மார்ட் கண்ணாடி உண்மையிலேயே பயன் தருகிறது என்பதை என் அன்றாட வேலையில் கண்டிருக்கிறேன். ஆனால் பெட்டியைத் திறந்து கம்பியைச் செருகியவுடன் வசதி வந்துவிடாது. தமிழ் எழுத்து தெளிவாகத் தெரியும் அளவுக்கு அதைச் சரிசெய்யச் சில மணி நேரப் பொறுமை வேண்டும். அந்தச் சரிசெய்தலைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

வாங்குவதற்கு முன் எந்த வகைக் கண்ணாடி என்பதில் தெளிவு வேண்டும். ஸ்மார்ட் கண்ணாடி என்ற ஒரே பெயரில் வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ரே-பான் மெட்டா போன்றவற்றில் கேமராவும் ஒலிபெருக்கியும் உண்டு. கண்முன் படம் காட்டும் திரை கிடையாது. கணினித் திரையாக உதவுபவை எக்ஸ்ரியல் ஏர், எக்ஸ்ரியல் ஒன், ரோகிட் மேக்ஸ் போன்ற வகையைச் சேர்ந்தவை. இவற்றில் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்றாக இரண்டு சிறிய மைக்ரோ ஓஎல்இடி திரைகள் புருவத்துக்கு மேலே ஒளிந்திருக்கின்றன. அவற்றின் ஒளி கீழ்நோக்கி வந்து, சாய்வாகப் பொருத்தப்பட்ட அரைக்கண்ணாடியில் (ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி, மீதியைக் கடத்தும் கண்ணாடி) பட்டு, முன்னாலுள்ள வளைந்த கண்ணாடிக்குச் சென்று, அங்கிருந்து கண்ணுக்குத் திரும்புகிறது. கணினியைப் பொறுத்தவரை இது சாதாரண மானிட்டர்தான். ஆகவே விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவானாலும், அடிப்படைப் பயன்பாட்டுக்குத் தனியாக மென்பொருள் நிறுவ வேண்டியதில்லை.

அங்குலக் கணக்கைப் படிக்கும் விதம்

விளம்பரங்களில் ‘4 மீட்டர் தொலைவில் 130 அங்குலத் திரை’ என்று போட்டிருப்பார்கள். அந்த எண் பொய்யன்று. ஆனால் தொலைவை விட்டுவிட்டு அங்குலத்தை மட்டும் படித்தால் ஏமாந்துபோவோம். எக்ஸ்ரியல் ஏர் கண்ணாடியின் பார்வைக் கோணம், மூலைக்கு மூலை 46 பாகை. அதே கோணத்தை, மேசைத் திரையை நாம் வழக்கமாக வைக்கும் 60 சென்டிமீட்டர் தொலைவுக்குக் கணக்கிட்டால் கிடைப்பது 20 அங்குலத் திரை. இரண்டு ஏ4 தாள்களை நிமிர்த்தி அருகருகே வைத்து, இரண்டு அடி தொலைவில் பிடித்துப் பாருங்கள். அகலம் ஏறத்தாழ அவ்வளவுதான், உயரம் அதைவிடச் சற்றுக் குறைவு. இந்தச் சோதனைக்குச் செலவில்லை. வாங்கும் முன் இதைச் செய்து பார்த்தவர்கள் பின்னர் ஏமாற்றம் அடைய மாட்டார்கள்.

திரை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைவிட, எழுத்து எவ்வளவு நுணுக்கமாகத் தெரிகிறது என்பதே படிப்பவருக்கு முக்கியம். இந்த வகைக் கண்ணாடிகளில் பல, ஒவ்வொரு கண்ணுக்கும் 1920 × 1080 பிக்சல்களைக் காட்டுகின்றன. மூலைவிட்டத்தில் எண்ணினால் சுமார் 2,200 பிக்சல்கள். அதை 46 ஆல் வகுத்தால் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 48 வருகிறது. குறையில்லாத பார்வை உடையவர் ஒரு பாகைக்குள் சுமார் 60 பிக்சல்கள் வரை பிரித்தறிய முடியும் என்பது பொதுவான கணக்கு. அதே 1920 × 1080 கொண்ட 24 அங்குல மானிட்டரை 60 சென்டிமீட்டர் தொலைவில் வைத்தால் பாகைக்கு 41 பிக்சல்களே வரும். ஆகவே நுணுக்கத்தில் இந்தக் கண்ணாடி, அலுவலகங்களில் நாம் பார்க்கும் மானிட்டருக்குத் தாழ்ந்ததன்று.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. எக்ஸ்ரியல் ஒன் 50 பாகையும், ஒன் ப்ரோ 57 பாகையும் காட்டுகின்றன. பிக்சல் எண்ணிக்கை மாறாததால் பாகைக்கு முறையே 44, 39 என்று நுணுக்கம் குறைகிறது. படம் பார்ப்பவருக்கு அகலமான காட்சி இன்பம். பிழை திருத்துபவருக்கு அதே அளவு இன்பம் என்று சொல்லிவிட முடியாது. புதிய மாதிரி, பெரிய எண், கூடுதல் விலை என்ற வரிசையில் யோசிக்காமல், செய்யப்போகும் வேலையை வைத்துத் தேர்ந்தெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கண்ணுக்கு ஏற்ப அமைத்தல்

ஏற்கெனவே பவர் கண்ணாடி அணிபவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். ரோகிட் மேக்ஸில் கிட்டப்பார்வைக்காக ஒவ்வொரு கண்ணுக்கும் திருகு உண்டு; அதைக் கொண்டு 0 முதல் மைனஸ் 6 வரை சரிசெய்யலாம். ஆனால் அந்தத் திருகு சிதறல் பார்வையைச் சரிசெய்யாது. கண் மருத்துவர் கொடுத்த சீட்டில் ‘சிலிண்டர்’ என்ற கட்டத்தில் குறிப்பிடத்தக்க எண் இருந்தால், திருகு இருந்தும் எழுத்து இரட்டை நிழலோடுதான் தெரியும். திருகு இல்லாத மாதிரிகளுக்கும், சிலிண்டர் உள்ளவர்களுக்கும், உட்புறம் பொருத்தும் தனி வில்லைச் சட்டமே வழி. சட்டத்தை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனால் பவருக்கு ஏற்ற வில்லையைப் பொருத்தித் தருவார்கள்.

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. கண்ணாடித் திரை கண்ணிலிருந்து இரண்டு விரற்கடை தொலைவில் இருந்தாலும், பிம்பம் சில மீட்டர் தொலைவில் இருப்பதுபோலவே கண்ணுக்கு அமைகிறது. ஆகவே வெள்ளெழுத்துக்காகப் படிக்கும் கண்ணாடி போடுபவர்கள், வில்லை செய்யும்போது படிக்கும் பவரைக் கேட்காமல் தூரப் பார்வைக்கான பவரையே கேட்க வேண்டும். இதை மாற்றிச் செய்துவிட்டுக் கண்ணாடியே மோசம் என்று ஒதுக்கிவைப்பவர்கள் உண்டு.

அடுத்தது மூக்குத் தாங்கி. பெட்டியில் அளவு வேறுபட்ட சில தாங்கிகள் இருக்கும். நடுவில் எழுத்து தெளிவாகவும், மேல் விளிம்பு அல்லது கீழ் விளிம்பு மட்டும் மங்கலாகவும் தெரிந்தால் தாங்கியின் உயரம் பொருந்தவில்லை என்று பொருள். எல்லாவற்றையும் மாற்றிப் பாருங்கள். காதுத் தண்டின் சாய்வை மாற்றும் வசதி இருந்தால் அதையும் ஒவ்வொரு படியாக மாற்றிப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு, விளிம்பில் ஒரு வரி தெரிவதற்கும் தெரியாமல் போவதற்கும் உள்ள வேறுபாடு. இடம் வலமாக இரு ஓரங்களும் மங்கினால், இரு கண்மணிகளுக்கு இடையிலான தொலைவு அந்த மாதிரிக்குப் பொருந்தவில்லை என்று கொள்ளலாம். இதற்காகவே ஒன் ப்ரோவை இரண்டு அளவுகளில் விற்கிறார்கள். வாங்குமுன் கண் பரிசோதனைச் சீட்டில் அந்தத் தொலைவைக் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

இணைத்தல்

கணினியில் யுஎஸ்பி-சி துளை இருந்தால் மட்டும் போதாது. அந்தத் துளை படத்தையும் வெளியே அனுப்ப வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்று பெயர். துளையின் அருகே தண்டர்போல்ட் இணைப்பைக் குறிக்கும் மின்னல் குறியோ, டிஸ்ப்ளேபோர்ட்டைக் குறிக்கும் ‘டி’ போன்ற குறியோ இருந்தால் கவலையில்லை. எந்தக் குறியும் இல்லாவிட்டால், கணினி மாதிரியின் விவரப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆப்பிளின் எம் வரிசைச் சில்லு கொண்ட மேக்புக்குகளின் யுஎஸ்பி-சி துளைகள் அனைத்தும் படம் அனுப்பும். எம்1, எம்2 சில்லு கொண்ட மேக்புக் ஏர்களில் ஒரு வெளித்திரைக்கு மட்டுமே இடமுண்டு. கண்ணாடியை இணைத்தால் அதுவே அந்த ஒன்றாகிவிடும்.

கம்பியிலும் கவனம் வேண்டும். கண்ணாடியோடு வந்த கம்பியை ஒருமுறை ஊரில் மறந்துவிட்டு வந்து, போன் சார்ஜர் கம்பியைச் செருகிவிட்டு அரை மணி நேரம் கணினியின் அமைப்புகளைத் துழாவிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு மின்சாரம் போனது, படம் மட்டும் வரவில்லை. சார்ஜருடன் வரும் கம்பிகள் பலவற்றில் படத்துக்கான இழைகளே இருப்பதில்லை. முனை ஒன்றுபோல இருப்பதால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. எனவே கண்ணாடியோடு வந்த கம்பியில் ஒரு வண்ண நூலைக் கட்டிவைப்பது நல்லது.

எச்டிஎம்ஐ துளை மட்டும் உள்ள பழைய கணினியானால், எச்டிஎம்ஐயிலிருந்து யுஎஸ்பி-சிக்கு மாற்றும் கருவி வேண்டும். கடையில் எளிதில் கிடைப்பது இதற்கு நேர் எதிரான, யுஎஸ்பி-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் கம்பி. அதைத் திருப்பிச் செருகினால் வேலை செய்யாது. எச்டிஎம்ஐ துளை கண்ணாடிக்குத் தேவையான மின்சாரத்தைத் தராது என்பதால், மாற்றுக் கருவிக்குத் தனி மின் இணைப்பும் இருக்க வேண்டும். யுஎஸ்பி-சி வழியாக இணைத்தால் கண்ணாடிக்கான மின்சாரம் கணினியின் மின்கலத்திலிருந்தே போகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, நீண்ட பயணங்களுக்குத் திட்டமிட வேண்டும்.

கைப்பேசியோடும் இணைக்கலாம். 2023-இல் வந்த ஐபோன் 15 முதல் யுஎஸ்பி-சி துளை வழியே படம் வெளியே போகிறது. சாம்சங்கின் கேலக்ஸி எஸ் வரிசை போன்களில் டெக்ஸ் என்ற மேசைக்கணினித் தோற்றம் கண்ணாடியில் விரியும். புளூடூத் விசைப்பலகையோடு சேர்த்தால் எழுத்து வேலைக்கு அதுவே போதுமானதாக இருக்கும்.

எழுத்தைத் தெளிவாக்குதல்

விண்டோஸில் விண்டோஸ் விசையையும் ‘பி’ விசையையும் சேர்த்து அழுத்தினால் திரையை எப்படிப் பகிர்வது என்று கேட்கும். இரண்டாம் திரை மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினியின் திரை அணைந்துவிடும், மின்சாரம் மிச்சமாகும், பக்கத்து இருக்கையில் இருப்பவர் நீங்கள் படிப்பதைப் பார்க்கவும் முடியாது. பிறகு அமைப்புகளில் காட்சிப் பகுதிக்குச் சென்று, பிக்சல் அளவு 1920 × 1080 என்று இருப்பதை உறுதிசெய்துகொண்டு, அளவுப் பெருக்கத்தை 100 சதவீதத்திலிருந்து 125 அல்லது 150 ஆக உயர்த்துங்கள். 150 வைத்தால் திரையில் கொள்ளும் பொருளின் அளவு 1280 × 720க்குச் சுருங்கும். இழப்புத்தான். ஆனால் ஆங்கில எழுத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கொஞ்சம் மங்கினாலும் சொல்லின் வடிவத்தை வைத்து ஊகித்துவிடலாம். தமிழில் ‘கெ’யும் ‘கே’யும் கொம்பின் ஒரு சுழியால் வேறுபடுகின்றன, ‘எ’யும் ‘ஏ’யும் அடியில் உள்ள ஒரு சிறு கோட்டால் வேறுபடுகின்றன, ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் இடையே ஒரு சுழிதான் வேறுபாடு, புள்ளி ஒன்று மறைந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ஆகவே நான் அளவை அமைக்கும் முறை இது: வெற்றுக் கோப்பு ஒன்றில் ‘கெண்டை, கேணி, எடு, ஏடு, ஒடி, ஓடி, மண், மன், காரம், கரம்’ என்று தட்டச்சு செய்து, அதை நகலெடுத்துத் திரையின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் வைக்கிறேன். கண்ணைச் சுருக்காமல், தலையை ஆட்டாமல், ஐந்து இடங்களிலும் அந்தச் சொற்களைப் பிரித்தறிய முடிகிற மிகச் சிறிய அளவு எதுவோ, அதற்கு ஒரு படி மேலேயே அளவை நிறுத்துகிறேன். நடுவில் தெரிந்து மூலைகளில் தெரியாவிட்டால் அளவை ஏற்றுவதற்கு முன் மூக்குத் தாங்கியைத்தான் மீண்டும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் மூலை மங்கலாகவே இருந்தால், சாளரத்தைத் திரை முழுதும் விரிக்காமல், நடுவில் முக்கால் அகலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துரு தேர்விலும் கவனம் செலுத்தலாம். கோடுகள் ஒரே தடிமனாக, சுழிகள் திறந்து இருக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்றவை கண்ணாடியில் நன்றாகத் தெரிகின்றன. மெல்லிய, ஏற்றத்தாழ்வுள்ள கோடுகள் கொண்ட அச்சு எழுத்துருக்கள் காகிதத்தில் அழகாக இருந்தாலும் இங்கே உடைந்துபோகின்றன. மேக்கில் 1920 × 1080 வெளித்திரையின் எழுத்து சற்றுப் பஞ்சடைந்து தெரிவது வழக்கம். பெட்டர்டிஸ்ப்ளே என்ற செயலி மூலம் எழுத்தை நுணுக்கமாக வரையும் நிலைக்கு மாற்றினால் ஓரளவு தேறும்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். இந்தக் கண்ணாடிகளில் கறுப்பு என்பது ஒளி இல்லாமை மட்டுமே; கறுப்பாக வேண்டிய இடத்தில் எதிரே இருக்கும் சுவர்தான் தெரியும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்து உட்கார்ந்தால், எழுத்துகளுக்கு நடுவே தென்னங்கீற்று அசையும். கறுத்த சுவரைப் பார்த்து உட்காருங்கள்; அல்லது பெட்டியில் வரும் முன்மூடியை மாட்டிக்கொள்ளுங்கள். எக்ஸ்ரியல் ஏர் 2 ப்ரோ போன்றவற்றில் பொத்தானை அழுத்தியே முன்கண்ணாடியைப் படிப்படியாகக் கறுப்பாக்கலாம்.

கீழிருந்து வரும் ஒளியையும் மறந்துவிடக் கூடாது. சாய்வான அரைக்கண்ணாடி, மடியில் இருப்பதையும் கண்ணுக்குத் திருப்பிவிடும். ஒருநாள் காலை வெயில் விழும் திண்ணையில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்து வேலை செய்தபோது, பக்கத்தின் மேல் வெண்மையான ஒரு மங்கல் படிந்திருந்தது. வில்லையைத் துடைத்தேன், ஒளியை ஏற்றினேன், பயனில்லை. வேட்டியின் மேல் கறுத்த துண்டை விரித்தவுடன் எழுத்து மீண்டது. அன்றிலிருந்து கண்ணாடிப் பையில் அந்தத் துண்டும் இருக்கிறது.

தலையசைவும் நிலைத்திரையும்

எக்ஸ்ரியல் ஏரைக் கணினியில் நேரடியாகச் செருகினால், தலை திரும்பும் பக்கமெல்லாம் திரையும் கூடவே வரும். படம் பார்க்க அது போதும். நீண்ட நேரம் படிக்கும்போது மூலையிலுள்ள சொல்லைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் அந்த மூலையும் விலகிப் போவதால், கண் மட்டுமே உழைத்துக் களைத்துப் போகிறது. எக்ஸ்ரியல் ஒன் வரிசையில் கண்ணாடிக்குள்ளேயே இருக்கும் எக்ஸ்1 சில்லு தலையின் திருப்பத்தைக் கணக்கிட்டு, திரையைக் காற்றில் ஓரிடத்தில் ஆணியடித்ததுபோல நிறுத்திவிடுகிறது. மெய்ப்புத் திருத்தம், கணக்கு, நிரல் எழுதுதல் போன்ற வேலைகளுக்காக வாங்குபவர்கள் மற்ற எதில் சிக்கனம் பார்த்தாலும் இந்த வசதியில் பார்க்க வேண்டாம். கழுத்துக்குக் கிடைக்கும் விடுதலையில் பாதி இதனால்தான் வருகிறது.

ஓடும் வண்டியில் மட்டும் இது தலைகீழாகிவிடும். கண்ணாடியிலுள்ள உணரி, திரும்பியது தலையா வண்டியா என்று அறியாது. ரயில் வளைவில் திரும்பினால் திரை மெல்ல நழுவிப் பக்கத்துச் சன்னலுக்குப் போய்விடும். அப்போது திரை தலையைத் தொடரும் நிலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

கையும் உடலும்

திரையை நிமிர்ந்து பார்த்தாலும் விசைப்பலகை கீழேதான் இருக்கிறது. வில்லையின் கீழ் விளிம்புக்கும் கன்னத்துக்கும் இடையே தெரியும் இடைவெளி வழியாக விசைகளைப் பார்க்க முடியும். ஆனால் அடிக்கடி பார்த்தால் கண்ணாடி போட்டதன் பயனே போய்விடும். தமிழ்99 விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டச்சு செய்யப் பழகியவர்களுக்கு இந்தக் கருவி முழுப் பயன் தரும். மற்றவர்கள் முதல் சில வாரங்கள் படிக்கும் வேலைக்கு மட்டும் இதை வைத்துக்கொள்வது நலம்.

எக்ஸ்ரியல் ஏரின் எடை 79 கிராம். கையில் எடுத்தால் ஒன்றுமில்லை. இரண்டு மணி நேரம் மூக்கின் மேல் இருந்தால் தடம் பதியும். காதின் பின்னால் இறங்கும் கம்பி ஒரு பக்கமாக இழுப்பதே பாதிச் சுமை என்பதால், சட்டைக் காலரின் பின்புறத்தில் சிறு கவ்வி ஒன்றால் கம்பியைப் பிடித்துவைத்தால் சுமை குறைந்துவிடும். முதல் நாள் இருபது நிமிடங்களுக்கு மேல் அணிய வேண்டாம். தலை சுற்றினாலோ, கண் எரிந்தாலோ கழற்றிவிடுங்கள். பிம்பம் ஏற்கெனவே சில மீட்டர் தொலைவில் அமைவதால், இங்கே களைப்பு பெரும்பாலும் இமைக்க மறப்பதாலும் ஒளியை அளவுக்கு மீறி ஏற்றிவைப்பதாலும் வருகிறது என்பது என் கணிப்பு. ஒளியைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கினால் நெற்றியருகே ஏறும் சூடும் குறையும். நம் ஊர்க் கோடையில் அது சிறிய உதவியன்று. அணிந்தபடி நடப்பதும் வண்டி ஓட்டுவதும் கூடவே கூடாது.

கண்ணாடியைச் செருகியவுடன் கணினியின் ஒலியும் அதற்கு மாறிவிடும் என்பதால், கூட்டத்தில் பேசுமுன் ஒலி எங்கே போகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வியர்வை பட்ட வில்லையை மென்துணியால் மட்டும் துடைக்க வேண்டும். கிருமிநாசினித் திரவம் பூச்சை உரித்துவிடக்கூடும். வேலை முடிந்ததும் கம்பியைக் கழற்றி, கண்ணாடியை வெயில் படாத இடத்தில், அதற்குரிய உறையில் வையுங்கள். வில்லைச் சட்டத்தைத் தனியே எடுத்து வைக்காதீர்கள், மறுநாள் தேட வேண்டியிருக்கும்.